தேங்காய் எண்ணெய்: தலைக்கு எவ்வளவு, தாளிப்புக்கு எவ்வளவு?

திருப்பத்தூர் மளிகைக் கடையில் "எண்ணெய் கொடுங்கள்" என்றால் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோதான் வரும். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மீன் குழம்பு மணக்க ஊற்றப்படும் தேங்காய் எண்ணெய், நம் பக்கம் பெரும்பாலும் தலைக்குத் தேய்ப்பது. இப்போது "தினமும் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் குடித்தால் கொலஸ்ட்ரால் கரையும்" என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. இதை நம்பி இதய மாத்திரையை நிறுத்துபவர்களும் இருக்கலாம் என்பதால், இந்த எண்ணெய் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

தலைமுடி விஷயத்தில் நம் பாட்டிமார்கள் செய்தது சரியே. 2003-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். குளிப்பதற்கு முன்போ பின்போ தடவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. இதில் ஏறக்குறைய பாதியாக இருக்கும் லாரிக் அமிலம் முடியின் உள்ளே ஊடுருவக்கூடியது. ஆனால் பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை இரவெல்லாம் ஊற வைக்க வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்றே வளர்கிறது.

வறண்ட தோலுக்கும் இது நல்லது. கரப்பான் எனும் தோல் அழற்சி உள்ள 117 குழந்தைகளிடம் பிலிப்பைன்ஸில் 8 வாரம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மினரல் ஆயிலைவிட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் அதிகப் பலன் தந்தது. முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தடவினால் துவாரங்கள் அடைபட்டுப் பரு கூடலாம். தீக்காயத்தில் உடனே எண்ணெய் ஊற்றுவது தவறு. முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும்.

பச்சிளங் குழந்தைக்கு உடம்பில் தடவலாம். ஆனால் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் சொட்டு விடும் பழக்கத்தை நாம் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். இதனால் உயிரிழந்த குழந்தைகளும் உண்டு.

இனி சமையல். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 12 கிராம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாளைக்கு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படியானால் இரண்டு கரண்டியிலேயே அன்றைய அளவு தாண்டிவிடுகிறது. பிரியாணியில் சேரும் நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் தனி. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த முடிவு, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது இது கெட்ட கொலஸ்ட்ராலை சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துகிறது என்றது. நல்ல கொலஸ்ட்ராலும் 4 உயர்ந்தது உண்மைதான். விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த 4-ஐ மட்டுமே சொல்கின்றன. அவியலுக்கு மேலே ஒரு ஸ்பூன் ஊற்றுவதில் தவறில்லை. அதையே மருந்தாகக் குடிப்பதில்தான் பிரச்சினை.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். சிறு பாட்டிலில் வருவது உணவா, தலை எண்ணெயா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சமையல் எண்ணெயாக விற்கப்படும் தூய தேங்காய் எண்ணெயை, பாட்டில் சிறியது என்பதற்காக மட்டும் தலை எண்ணெயாகக் கருத முடியாது என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நமக்குத் தேவையான அடையாளம் எளிது: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஹேர் ஆயில்' என்று எழுதியிருந்தால் அதில் மினரல் ஆயிலும் வாசனையும் கலந்திருக்கலாம், அடுப்படிக்கு வேண்டாம்.

2025-ல் விலை கடுமையாக ஏறியது. விலை ஏறினால் கலப்படமும் ஏறும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒன்றரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் அல்ல. தூய எண்ணெய் முழுவதும் உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது தனிப் படலமாக நிற்கும். எனினும் பாமாயில் பழத்தின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயும் இதேபோல் உறைவதால், அந்தக் கலப்படத்தை இந்தச் சோதனை காட்டிக் கொடுக்காது. அதற்கு ஆய்வகமே வழி. கொப்பரையைக் காய வைத்து, கண்ணெதிரே ஆட்டித் தரும் செக்கு ஊரில் இருந்தால் அங்கே வாங்குவது நல்லது.

ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் மார்கழியில் பாட்டில் கல்லாக உறைந்துவிடும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைவது இதன் இயல்பு. கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகும். அந்தக் குளிரில் கை கால்களில் தடவியது கட்டியாகப் படிந்திருந்தால், உளூவுக்கு முன் துடைத்துவிடுங்கள். இளகிய நிலையில் உள்ள மினுமினுப்பு தண்ணீரைத் தடுக்காது.