ஒரு கறுப்பு விதையின் கதை

சோயா மீட், டோஃபு எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பயிருக்கு வந்த ஆபத்து தெரியுமா?

1954இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் சோயா வேர்களில் சிஸ்ட் நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் முட்டைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். முழுதாக ஒழிப்பது கடினம். ஆகவே விஞ்ஞானிகள் தாக்குப்பிடிக்கும் செடியைத் தேடினார்கள். ஆயிரக்கணக்கான வகைகளைச் சோதித்ததில் தேறிய சிலவற்றில் ஒன்று, 1906இல் சீனாவிலிருந்து வந்த 'பீக்கிங்'.

அதன் விதை சிறியது, கறுப்பு. சந்தை கேட்டதோ மஞ்சள். கறுப்பு நிறத்துக்கான மரபணுவும் எதிர்ப்புத் தரும் மரபணு ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், மஞ்சளைத் தேர்ந்தால் பெரும்பாலும் எதிர்ப்பும் போய்விடும். இரண்டும் பிரிந்த அபூர்வச் செடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினார்கள்.

1970களின் தொடக்கத்தில், மிசிசிப்பியில் பணியாற்றிய எட்கர் ஹார்ட்விக் குழுவின் 'ஃபாரஸ்ட்' வகை வந்தது. வேரில் முடிச்சுப் போடும் இன்னொரு நூற்புழுவையும் அது தாங்கியது. அதற்கான மரபணுவை 1994இல் அடையாளம் கண்டார்கள். 1975 முதல் 1980 வரை 'ஃபாரஸ்ட்' தவிர்த்த நட்டம் சுமார் 40 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

பின்னர் பெரும்பாலான வகைகள் பி.ஐ. 88788 என்ற ஒரே மூலத்தை நம்பின. புழுக்கள் அதற்குப் பழகிவிட்டன. இப்போது மறுபடியும் பீக்கிங்கை நாடுகிறார்கள். யாரும் சீண்டாத விதையையும் ஏன் பத்திரமாக வைக்க வேண்டும் என்று புரிகிறதா?