வீட்டில் தெரியாத வைஃபை கருவி: கண்டறிவது எப்படி?

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். தென்காசி, கடையநல்லூர் பகுதிக் குடும்பங்களும் வெளியூர்க் குடும்பங்களும் லாட்ஜுகளிலும் வாடகை வீடுகளிலும் தங்குகின்றன. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் ரூட்டர், கேமரா எல்லாம் பிறர் கையால் பொருத்தப்படுகின்றன. 2024 டிசம்பரில் ராமேஸ்வரத்தில் பெண்கள் உடை மாற்றும் அறையில் ரகசியக் கேமரா சிக்கியதை நாம் அறிவோம்.

பிறர் வீட்டில் அனுமதி கேட்காமல் நுழைவதைத் திருக்குர்ஆன் (24:27) தடுக்கிறது. அந்த அனுமதியே பார்வையைக் காப்பதற்காகத்தான் என்பது நபிமொழியின் கருத்து.

சொந்த வீட்டில் செய்ய வேண்டியவை:

1. ரூட்டரின் அடியில் உள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) செல்போன் பிரவுசரில் இட்டு, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள்.

2. போன், டிவி, லேப்டாப்பை ஒவ்வொன்றாக அணையுங்கள். சில நிமிடங்களில் அவை பட்டியலிலிருந்து மறையும். மிஞ்சுவது எது என்று பாருங்கள்.

3. மேக் முகவரியின் 12 எழுத்துகளில் முதல் 6 தயாரிப்பாளரைக் குறிக்கும். இன்றைய போன்கள் மாற்று முகவரியைக் காட்டுவதால் இதை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம்.

4. சில ரூட்டர்கள் ஒவ்வொரு கருவியின் சிக்னல் அளவையும் காட்டும். -40 என்றால் அருகில், -80 என்றால் தொலைவில். இணையக் கேபிளைக் கழற்றினாலும் வைஃபை இயங்கும். எனவே ரூட்டரை அறை அறையாக மாற்றி வைத்து, கருவி மீண்டும் இணைந்ததும் அளவைப் பாருங்கள். சிக்னல் வலுவாகும் அறையில் தேடுங்கள்.

மெமரி கார்டில் பதியும் கேமராவும் சிம் கேமராவும் இதில் சிக்காது. லாட்ஜில் ரூட்டரும் நம் கையில் இருக்காது. அங்கே கட்டிலையும் குளியலறையையும் நோக்கியுள்ள கடிகாரம், சார்ஜர், சுவிட்ச் பெட்டி, புகை அலாரம் ஆகியவற்றை, விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸ் புள்ளியாக மின்னும்.

கேமரா கிடைத்தால் கழற்றாமல் படமெடுத்து, உடனே காவல்துறையை அழையுங்கள். பெண்கள் உதவி எண் 181, சைபர் குற்ற உதவி எண் 1930. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

மிஞ்சிய கருவி பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனாகவும் இருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினால் போதும்; பழி சுமத்த வேண்டாம். வீண் சந்தேகத்தையும் துருவி ஆராய்வதையும் ஒரே வசனம் (49:12) தடுக்கிறது. விருந்தினர், வாடகைதாரர், மருமகள் யாருடைய போனையும் கண்காணிக்க இந்த முறையைப் பயன்படுத்துவது கூடாது. நம் வீட்டின் மறைவை நாம் காப்பதைப் போலவே பிறர் மறைவையும் காப்போம், இன்ஷா அல்லாஹ்.