ஜீப்புக்காரர் வீட்டுச் சம்பந்தம்

வித்துராவில் என் அம்மா தலைமுறைப் பெண்கள் ஒரு சம்பந்தத்தை விசாரிக்கும்போது, வேலை, நிலம், குடிப்பழக்கம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: வீட்டு வாசல் வரை ஜீப் போகுமா? போகும் என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்த வீட்டிலேயே ஜீப் நிற்கிறது என்றால் மறுபேச்சே கிடையாது.

இந்த ஊரின் நிலத்தைத் தெரிந்தால்தான் இது புரியும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக வித்துரா வரை சாலை சமர்த்தாகத்தான் வரும். கல்லாறு தாண்டியதும் பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொரு பக்கம் போனக்காடு. அகத்தியர் மலைக்குப் போகிறவர்கள் நடக்கத் தொடங்கும் இடம். அங்கிருந்த தேயிலைத் தோட்டத்துக்குத்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் ஆட்கள் கொழுந்து கிள்ள வந்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாருக்காவது வலி கண்டால் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள் என்று ஆச்சி சொல்வாள். மழைக்காலத்தில் தூக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடு.

திருவிதாங்கூரில் வண்டியின் மேல் ஜனங்களுக்கு மோகம் பிறந்ததற்கு ஒரு தேதி சொல்ல வேண்டுமானால் நான் 1938 பிப்ரவரி 20-ஐச் சொல்வேன். அன்றுதான் அரசுப் போக்குவரத்துத் துறையைச் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்து, முதல் பேருந்தில் தாமே ஏறிப் போனார். ஓட்டியவர் சால்ட்டர். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் இருந்தவரை இங்கே வரவழைத்திருந்தார்கள். கண்டக்டர், இன்ஸ்பெக்டர் வேலைக்குப் பட்டதாரிகளை எடுத்தார்கள். படிப்பு, சீருடை, மாதச் சம்பளம் மூன்றும் ஒரே ஆளிடம், அதுவும் ஓடுகிற வண்டியில்! பெண்ணைப் பெற்றவர்கள் பேருந்தைப் பார்த்தார்களா, கண்டக்டரைப் பார்த்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் பேருந்து நின்ற இடத்துக்கு மேலேயும் மனிதர்கள் இருந்தார்களே. அவர்களுக்கு வந்து சேர்ந்தது ஜீப். 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யத் தொடங்கிய வண்டி. நாற்பதுகளின் கடைசியில் மகிந்திரா அதைப் பம்பாயில் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. சண்டைக்குச் செய்த வண்டிதான் கேரளத்து மலைக்கெல்லாம் சம்சாரி வண்டி ஆயிற்று.

அப்பா வாங்கியது பல கை மாறிய ஜீப். மேலே தார்ப்பாய், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. காலையில் ட்ரிப் எடுத்தால் உள்ளே இருப்பவர்களைவிடத் தொங்கிக்கொண்டு வருபவர்கள் அதிகம். முன் சீட்டுக்கு மட்டும் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். அங்கே பிள்ளைத்தாய்ச்சி, இல்லாவிட்டால் வயசாளி. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையே வந்தாலும் பின்னால்தான். இரவில் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு படுப்பார். கதவு தட்டினால் யார் என்று கேட்க மாட்டார், “எங்க?” என்றுதான் கேட்பார். எனக்கு அவரிடம் பிடித்த குணம் இதுதான்.

அவரைப் பற்றி விசாரித்தபோது ஆச்சி சொன்னாளாம்: “ஆளு கருப்புதாம்ல. ஆனா ஜீப்பு இருக்கு. எம்புள்ளயப் பிரசவத்துக்குக் கட்டில்ல தூக்க வேண்டாம்.” அம்மாவுக்கும் அப்பாவைப் பிடித்திருந்தது. எதனால் என்று கேட்டால் இன்றைக்கும் ஜீப்பைப் பற்றித்தான் பேசுவாள்.

பிரிட்டனின் கார்டிஃப் நகரத்து ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது அம்மாதான் நினைவுக்கு வந்தாள். ஒரே ஆளை ஒரு தடவை பென்ட்லி காரிலும், ஒரு தடவை சாதாரண ஃபோர்டு ஃபியஸ்டாவிலும் உட்காரவைத்துப் படமெடுத்துக் காட்டினார்கள். பென்ட்லியில் இருந்தவனுக்குப் பெண்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். அதேபோல் ஒரு பெண்ணை இரண்டு காரிலும் உட்காரவைத்துக் காட்டியபோது ஆண்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பெண்கள் காசுக்கு மயங்குகிறவர்கள் என்று இதற்குப் பொருள் சொல்கிறவர்களை நான் ஏற்கமாட்டேன். வழியில் கைவிடாத ஒருவன் வேண்டும் என்பதைத்தான் ஒரு பெண் வண்டியில் பார்க்கிறாள். கட்டிலில் தூக்கிப் போகப்பட்ட பெண்களின் மகள்களுக்கு அந்தப் பார்வை வந்ததில் என்ன தப்பு?

மான்ட்ரியலில் செய்த இன்னொரு ஆய்வு ஆண்களைப் பற்றியது. 39 இளைஞர்களை ஒரு போர்ஷேயையும் ஒரு பழைய டொயோட்டாவையும் ஓட்டச் சொன்னார்கள். போர்ஷே ஓட்டியதும் அவர்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் கூடியது. கூட்டமான நகரத் தெருவில் மட்டுமல்ல, பார்க்க ஆளில்லாத நெடுஞ்சாலையிலும் கூடியது. வண்டி ஓட்டுகிறவனுக்கு உள்ளேயே ஏறிவிடுகிறது.

அது ஏறிய கதையை இங்கே நான் கண்ணால் பார்த்தேன். 1983 டிசம்பரில் மாருதி வந்தது. வளைகுடாப் பணம் ஏற்கனவே வந்துகொண்டிருந்தது. சாலைகள் நன்றாயின. மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி நிற்கிறதா என்று கேட்டது போய், பெண் வீட்டிலிருந்து எந்தக் கார் வரும் என்று கேட்கும் காலம் ஆயிற்று. கேட்கிறவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். காருக்காக ரப்பர் மரம் நின்ற நிலத்தை விற்ற தகப்பன்களை எனக்குத் தெரியும்.

2021 ஜூனில் பக்கத்துக் கொல்லம் மாவட்டத்தில், சாஸ்தாம்கோட்டையில், ஆயுர்வேத மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 24 வயதுப் பெண் புகுந்த வீட்டில் இறந்து கிடந்தாள். வரதட்சணையாக நகையும் நிலமும் கொடுத்து, காரும் கொடுத்திருந்தார்கள். அந்தக் கார் கணவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் அப்போது மோட்டார் வாகனத் துறை அதிகாரியாக இருந்தான். 2022 மே மாதம் கொல்லம் நீதிமன்றம் அவனுக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் என்று ஆச்சி நம்பிய பொருள், ஒரு பெண்ணின் உயிரைக் கேட்கும் பொருளாகிவிட்டது.

மோகத்துக்கு விலையும் ஏறிக்கொண்டுதான் போகிறது. 2019-ல் திருவனந்தபுரத்தில் கேஎல் 01 சிகே 1 என்ற எண்ணை மட்டும் 31 லட்ச ரூபாய்க்கு ஏலம் எடுத்தார் ஒருவர். அவர் காசு, அவர் விருப்பம்; அதில் யாரும் சாகவில்லை. எனக்கு வருத்தமெல்லாம் கல்யாணப் பேச்சில் நுழைந்த காரைப் பற்றித்தான்.

வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. வரதட்சணை வாங்கவில்லை என்று கல்யாணமான ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2021 ஜூலையில் கேரள அரசு தன் ஆண் ஊழியர்களுக்கு உத்தரவு போட்டது. அதில் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களே, அந்தத் தாளை நம்பி இருந்துவிடாதீர்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எந்தக் கார் கொடுப்பீர்கள் என்று கேட்டால், காப்பி கொடுத்து அப்போதே அனுப்பிவிடுங்கள்.