தாள் ஓவியத்தில் அணிபொருள் பதித்தல்

தாளில் வரைந்த ஓவியத்தின்மேல் சமிக்கி, பாசிமணி, பொத்தான், சிப்பித் துண்டு போன்ற சிறுபொருள்களைத் தாளுக்குச் சேதமின்றிப் பொருத்தும் முறை. ஒட்டுதல், தைத்தல் என இருவகைப்படும்.

ஜம்முப் பகுதியின் பசோலி ஓவியங்கள் இதற்குச் சிறந்த சான்று. ஏறத்தாழ 1660–70 காலத்ததாகக் கருதப்படும் ரசமஞ்சரி என்னும் ஓவிய வரிசையில், நகைகளில் மரகதம் வரவேண்டிய இடங்களில் பொன்வண்டின் கெட்டியான மேற்சிறகை நறுக்கி ஒட்டியுள்ளனர். சிறகுத் துண்டு மிக இலேசானது; தாளை இழுக்காது. அதன் பச்சை சாயமன்று, நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் தோன்றுவது. ஆகவே எளிதில் வெளிறுவதில்லை. விலையுயர்ந்த கல்லைவிட இது பொருத்தமான தேர்வு என்றே கூறலாம்.

நீர் மிகுந்த பசை தாளை நெளியச் செய்யும். செலோடேப், ரப்பர் பசை ஆகியவை நாளடைவில் பழுப்பேறிக் கறை விடும். கோதுமை மாச்சத்துப் பசையை ஈரத்தால் நெகிழ்த்திப் பிரிக்கலாம் என்பதால் ஓவியக் காப்பாளர்கள் அதை விரும்புவர். கனமான மணியைப் பசையால் மட்டும் நிறுத்துவது பயன் தராது; பின்புறம் அமிலமற்ற அட்டை கொடுத்து நூலால் தைக்க வேண்டும். செம்பு கலந்த பொருள்கள் களிம்பேறித் தாளை அரிக்கும். சட்டமிடும்போது கண்ணாடி பொருளின்மேல் படாதிருக்க, அதன் உயரத்தைவிடத் தடித்த மவுண்ட் அட்டை இடப்படும்.