கூத்துக் களரியிலிருந்து மகாபொல வரை: மட்டக்களப்பில் இசை பயில்வோருக்கான பொருளுதவியின் வரலாறு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், கிழக்கே கடலும் மேற்கே களப்பும் காடும் சூழக் கிடக்கும் வாகரை, நிருவாக முறைப்படி கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவுக்கு உரியது. பனிச்சங்கேணி, பால்சேனை, கண்டலடி, கதிரவெளி முதலிய ஊர்களைத் திருகோணமலை வீதி ஒன்றே இணைத்து நிற்கிறது. அவ்வீதியில் குறுக்கிடும் ஆறுகளையும் களப்பு முகங்களையும் முற்காலத்தில் ‘பாதை’ எனப்படும் மிதவைகளில் வண்டியை ஏற்றியே கடக்க வேண்டியிருந்தது. மீன்பிடியும் சேனைப் பயிரும் சிறு நெல்வயலும் வாழ்வாதாரமான இப்பகுதியில் பிறந்த ஒரு பிள்ளை இசையைப் பட்டப்படிப்பாகப் பயில்வதற்கான பணத்தை யார் தருகிறார், எந்தக் கட்டத்தில் தருகிறார் என்ற கேள்வி, மட்டக்களப்புத் தேசம் தன் கலைஞரை எவ்வாறு பேணி வந்தது என்ற பழைய வரலாற்றோடு பிணைந்தது.

பல்கலைக்கழகமும் புலமைப்பரிசிலும் இல்லாத காலத்தில் இசை பயில்வோரின் செலவை ஊரே ஏற்றது. வடமோடி, தென்மோடி என இருவகைப்பட்ட மட்டக்களப்புக் கூத்தில், ஆடலும் பாடலும் மத்தளமும் கற்பிக்கும் ஆசான் அண்ணாவியார் எனப்பட்டார். கூத்தர்களுக்கு அவரவர் பாத்திரத்தையும் பாட்டையும் பகிர்ந்தளிக்கும் ‘சட்டங் கொடுத்தல்’ தொடங்கி, சதங்கை அணிதல், களரி அரங்கேற்றம் என மாதக்கணக்கில் நீளும் பயிற்சிக் காலம் முழுவதும் அண்ணாவியாரின் உணவும் உறையுளும் சன்மானமும் ஊரவரின் பொறுப்பாயின. அரங்கேற்றம் முடிந்தபின் கூத்தர் வீடு வீடாகச் சென்று ஆடிப் பெற்ற பணமும் பண்டமும் செலவை ஈடுசெய்யும் மற்றொரு வழியாயின. கற்பவன் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. அவன் கற்றது அவ்வூரின் கோயிலுக்கும் களரிக்கும் மீண்டும் வந்து சேர்ந்தது. வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை படிப்போரும், வசந்தன் ஆடுவோரும், வாகரைக் கரையில் கரைவலை இழுக்கையில் அம்பாப் பாடல் பாடுவோரும், முன்னோரை அழைக்கும் சடங்குகளில் பாடும் கரையோர வேடர் சமூகத்தவரும் இவ்வாறே, எவரிடமும் விண்ணப்பம் எழுதாமல், தம் இசையைக் கற்றனர். அம்முறைக்குக் குறைகளும் இருந்தன. சாதி ஒழுங்கு யார் எதைக் கற்கலாம், எந்த வாத்தியத்தைத் தொடலாம் என்பதை இறுக வரையறுத்தது. பறையடித்தோர் தம் கலையால் மதிப்புப் பெறவில்லை. பெண்களுக்குக் களரியில் இடமிருக்கவில்லை. இக்குறைகளை மறைத்து அக்காலத்தைப் பொற்காலமாக்குவது வரலாற்றுக்குச் செய்யும் தீங்காகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இசைக்கல்வி நிறுவனங்களின் கைக்கு மாறத் தொடங்கியது. வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தோன்றித் தரந்தரமாகப் பரீட்சைகளை நடத்தி, இறுதித் தரத்தில் தேறியோருக்குக் கலாவித்தகர் பட்டம் வழங்கியது. மேற்படிப்பை நாடியோர் பாக்குநீரிணையைக் கடந்து, 1929இல் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் பல்கலைக்கழகமாக மலர்ந்த சிதம்பரம் அண்ணாமலையில் பயின்று சங்கீதபூஷணம் பட்டத்தோடு திரும்பினர். கப்பற்பயணம், விடுதி, குருதட்சிணை ஆகியவற்றைத் தாங்கக்கூடிய குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஓரளவு இருந்தன. மட்டக்களப்பிலும் நகரை அண்டிய போடியார் குடும்பங்கள், அதாவது பெருநிலமுடைய வேளாண்மைக் குடும்பங்கள், சில இருந்தன. வடக்கே செல்லச் செல்ல அத்தகைய வசதி அருகியது. பட்டம் பெற்ற இசை என்பது இவ்வாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வாகரை போன்ற ஊர்களுக்கு எட்டாத பொருளாகிவிட்டது.

இவ்விடத்தில் சுவாமி விபுலானந்தரின் பணி தனித்து நோக்கத்தக்கது. 1892இல் காரைதீவில் பிறந்த அவர், 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கியவர். பழந்தமிழர் யாழ்க்கருவிகளையும் பண்களையும் கணித முறையால் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல், 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவருடைய இசையாராய்ச்சி பலராலும் போற்றப்படுகிறது. எனினும் பொருளுதவி வரலாற்றை எழுதுவோருக்கு அதனினும் முதன்மையானது, இராமகிருஷ்ண மிஷன் வழியாக அவர் மட்டக்களப்புக் கல்லடியில் வளர்த்த பாடசாலையும் மாணவர் இல்லமுமாகும். 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தோடு இணைந்து நின்ற அவ்வில்லம், ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் சேர்த்தளித்தது. தொலைவூரிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது மட்டும் போதாது, அவன் இரவில் எங்கே உறங்குவான், எதை உண்பான் என்பதையும் கல்வியின் செலவாகவே கணக்கிட வேண்டும் என்ற தெளிவு அவ்வேற்பாட்டில் இருந்தது.

இதே தெளிவு, வேறு வழியில், அரசின் கொள்கையிலும் வெளிப்பட்டது. கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமப்புறத்துத் திறமைசாலிகளைப் புலமைப்பரிசில் பரீட்சையால் தெரிந்து விடுதியோடு படிக்கவைத்த மத்திய பாடசாலைகளும் கிழக்கிலங்கையில் ஒரு புதிய தலைமுறையை உருவாக்கின. வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவற்றுள் ஒன்று. அதில் பயின்ற சி. மௌனகுரு பிற்காலத்தில் கூத்தைப் பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாக்கினார். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவருக்கு ஆடலும் பாடலும் பழக்கினார் என்பது, ஊர் பேணிய கலை அரசின் பணத்தால் இயங்கும் கல்விக்கூடத்துக்குள் நுழைந்த தருணமாகக் கொள்ளத்தக்கது.

எனினும் கூத்து நுழைந்ததால் இசைப் பட்டம் கிழக்குக்கு வந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி 1970களில் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பிலோ 1982இல், அப்போதைய அமைச்சர் செல்லையா இராசதுரையின் முயற்சியால், கல்லடியில் விபுலானந்தர் பெயரால் இசை நடனக் கல்லூரி நிறுவப்பட்டது. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமை பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு அக்கல்லூரி 2000களின் முற்பகுதியில் இணைக்கப்பட்டு, சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்ற பெயரில் கருநாடக இசையிலும் நடனத்திலும் நாடகத்திலும் பட்டம் வழங்கத் தொடங்கியது. இணைப்பின் பயன் கற்பித்தலில் மட்டும் நிற்கவில்லை. கல்லூரியின் டிப்ளோமா மாணவருக்கு எட்டாதிருந்த அரச உதவிகள், அவர் பல்கலைக்கழக மாணவர் என்ற தகுதியைப் பெற்றதும் உரியவையாயின.

அவ்வுதவிகளுள் தலையாயது மகாபொல. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி ஊர்தோறும் நடத்திய மகாபொல கண்காட்சிச் சந்தைகளின் வருவாயையும் லொத்தர் வருவாயையும் கொண்டு, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நம்பிக்கை நிதியம் இதனை வழங்குகிறது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறும் குடும்ப வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படும். வருமானத்தைக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த வேண்டும். மகாபொல கிட்டாதோருக்குப் ‘பேர்சரி’ எனப் பேச்சில் வழங்கும் உதவித்தொகை உண்டு. பல ஆண்டுகளாக மாதம் 5,000 ரூபாயாக இருந்த மகாபொல 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆகவும், 4,000 ரூபாயாக இருந்த பேர்சரி 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. இந்தியாவில் பயில விரும்புவோருக்கு, 1950இல் நிறுவப்பட்ட இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்கள் உள்ளன. இசைக்கும் நடனத்துக்கும் உரிய திட்டம் அண்மைக் காலமாக லதா மங்கேஷ்கரின் பெயரைத் தாங்கி வருகிறது.

இத்திட்டங்களின் பயனை எவ்வகையிலும் குறைத்து மதிப்பிட இயலாது. இலவசக் கல்வியும் மகாபொலவும் இல்லையேல் கிழக்கிலங்கையின் பட்டதாரிகளுள் பெரும்பாலோர் பட்டதாரிகளாகியிருக்கமாட்டார்கள். ஆயினும் இவை இசை மாணவரைப் பிற மாணவரிலிருந்து வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. வரலாறோ புவியியலோ பயில்பவர் நூலகத்தில் இரவல் வாங்கிப் படித்துவிடலாம். வீணையோ வயலினோ மிருதங்கமோ பயில்பவருக்கு நாள்தோறும் வீட்டில் சாதகம் செய்யச் சொந்த வாத்தியம் வேண்டும், தந்தியும் தோலும் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அரங்கேற்றமோ கச்சேரியோ செய்தால் பக்கவாத்தியக்காரருக்குக் கொடுக்க வேண்டும். மாதாந்த உதவித்தொகை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே கரைந்துபோகையில், இச்செலவு பெற்றோரின் கடனாகவே நின்றுவிடுகிறது.

இதனினும் ஆழமான குறை உதவி வரும் காலத்தைப் பற்றியது. பல்கலைக்கழகத்தில் இசை பயில அனுமதி பெற, உயர்தரத்தில் கருநாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்துத் தேறியிருக்கவும், அதன்மேல் செயன்முறைத் தெரிவிலும் வெல்லவும் வேண்டும். பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இல்லாத பிள்ளை ஆறாம் ஆண்டிலேயே சித்திரத்துக்கோ நாடகத்துக்கோ ஒதுங்கிவிடும். அதன்பின் எந்த மகாபொலவும் அப்பிள்ளையைத் தேடி வருவதில்லை. தொலைதூரப் பாடசாலைகளுக்கு அழகியற் பாட ஆசிரியர் வருவதும் நிலைப்பதும் அரிதென்பது வாகரை அடங்கும் கல்குடாக் கல்வி வலயத்தின் கரையோர ஊர்களில் நீண்டகாலக் குறையாகும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலே அவ்வயதில் கிடைக்கும் முதன்மையான அரச உதவித்தொகை. மாதம் 750 ரூபாயாக இருந்து 2025இல் 1,500 ஆக உயர்ந்த அத்தொகை பொதுப் பரீட்சைப் புள்ளியைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. குரல்வளமும் தாளஞானமும் அதில் அளக்கப்படுவதில்லை.

வாகரையின் அண்மைய வரலாறு இக்குறையைப் பன்மடங்காக்கியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டு, 2006 நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். 2007 ஜனவரிக்குள் மக்கள் வாழைச்சேனைப் பக்கமாக இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ நேர்ந்தது. அவ்வாண்டில் பத்து வயதாயிருந்த பிள்ளை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் பல்கலைக்கழக வாயிலை அடைய வேண்டியவர். ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையை முகாமிலிருந்து எழுதிய ஒரு வயதுக்குழுவினரைப் பிற மாவட்டப் பிள்ளைகளோடு நிகர்நிறுத்துவது நேர்மையான ஒப்பீடாகாது. பல்கலைக்கழக அனுமதியில் மட்டக்களப்பு பின்தங்கிய மாவட்டமாகக் கருதப்படுவது உண்மையே; ஆனால் அச்சலுகை மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. மாநகரின் நல்ல பாடசாலையில் பயின்ற பிள்ளையும் கதிரவெளிப் பிள்ளையும் அதில் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

ஆகவே கல்லடி நிறுவகமும் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களமும் கோயில் பரிபாலன சபைகளும் புலம்பெயர்ந்த மட்டக்களப்பாரும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பட்டதாரி மாணவருக்கான உதவியோடு, ஆறாம் ஆண்டு முதல் உயர்தரம் வரை வாகரைப் பிரிவின் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் பயணச் செலவையும் பாடசாலையில் வைத்து இரவல் கொடுக்கும் வாத்தியங்களையும் உறுதிசெய்யும் ஒரு நிதியத்தை அமைக்க வேண்டும். அதன் தெரிவுக் குழுவில் இசை விரிவுரையாளரோடு அவ்வூர் அண்ணாவியாரும் அமர வேண்டும்.