தீவுக் கரையும் திரைப்படக் கரையும்: 'பொன்மணி', 'வாடைக்காற்று' பற்றிச் சில குறிப்புகள்

'வாடைக்காற்று' திரைப்படம் வெளிவந்தது 1978 ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பத்து வயது. நெடுந்தீவில் பெண்ணெடுத்து அங்கேயே குடியேறிவிட்ட என் மாமா ஒருவர், "எங்கட ஊர்க் கதை படமாய் வந்திருக்கு" என்று சொல்லி என்னையும் யாழ்ப்பாண நகருக்கு அழைத்துச் சென்றார். அதிகாலையில் படகு, பின்னர் பேருந்து, பிறகு கடும் வெயிலில் படமாளிகை வாசலில் வரிசை. படம் முடிந்து வெளியே வந்ததும் மாமா ஒரு சோடாவை வாங்கி என் கையில் தந்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "தம்பி, உது நெடுந்தீவு இல்லை. கல்வேலி எங்கை? குதிரை எங்கை?"

அன்று நான் அவருடைய பேச்சைப் பொருட்படுத்தவில்லை. ஏ.ஈ. மனோகரனைத் திரையில் பார்த்த பரவசத்தில் இருந்த சிறுவனுக்குக் கல்வேலி எதற்கு? ஆனால் இத்தனை ஆண்டு பத்திரிகைத் தொழிலுக்குப் பின்னர் எண்ணிப் பார்க்கையில், அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் அதுதான் என்று தோன்றுகிறது. நெறியாளரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வியும் அதுவே. அவருடைய பெயர் எனக்கோ மாமாவுக்கோ அன்று தெரியாது.

செங்கை ஆழியானின் (க. குணராசா) 'வாடைக்காற்று' நாவலை வீரகேசரி பிரசுரம் 1973 இல் வெளியிட்டது. வாடை பிறந்ததும் வேறு ஊர்களிலிருந்து வந்து நெடுந்தீவுக் கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவர்களையும், அவ்வரவினால் ஊரவர் வாழ்வில் உண்டாகும் கலக்கத்தையும் சொல்லும் கதை அது. செங்கை ஆழியான் புவியியல் கற்றவர். காற்றும் கடலும் வலசை வரும் பறவைகளும் அவருக்கு அலங்காரங்கள் அல்ல, கதையை நகர்த்தும் விசைகள். சோளகம் வீசும் நாட்களில் அந்தக் கதை நடந்திருக்கவே முடியாது.

இந்நாவலைக் கமலாலயம் மூவீஸ் படமாக்க முன்வந்தது. திரைக்கதையில் செம்பியன் செல்வன் பங்கேற்றார். நெறியாள்கை பிரேம்நாத் மொறாயஸ். படப்பிடிப்பு நடந்ததோ மன்னாரைச் சேர்ந்த பேசாலைக் கரையில். மாமா தேடிய கல்வேலி திரையில் இல்லாமற் போனதற்குக் காரணம் அதுதான். நெடுந்தீவுக்குப் படப்பிடிப்புக் கருவிகளையும் கலைஞர்களையும் தோணியில் ஏற்றி இறக்குவது எவ்வளவு சிரமம் என்பதை அந்தக் கடலைக் கடந்தவர்கள் அறிவார்கள். சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட படத்துக்கு அது கட்டுப்படியாகி இருக்காது என்றே எண்ணுகிறேன். மணலும் பனையும் கரைவலையும் உள்ள இன்னொரு தமிழ்க் கரை அதற்கு ஈடாயிற்று.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களில் நான் பணியாற்றிய ஒரு நாளேட்டின் வாரப் பதிப்பில் இலங்கைத் தமிழ்த் திரைப்படங்களைப் பற்றி ஒரு நெடுங்கட்டுரை எழுதினேன். அதில் 'செங்கை ஆழியானின் வாடைக்காற்று' என்று நான்கு இடங்களில் எழுதியிருந்தேன். நெறியாளர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதே கட்டுரையில் 'பதிராஜாவின் பொன்மணி' என்று எழுதியிருந்தேன். கதையையும் திரைக்கதையையும் தந்தவரின் பெயர் அங்கே இல்லை. ஒரு வாசகர் அஞ்சலட்டையில் இரண்டே வரி எழுதியிருந்தார்: ஒரு படத்தில் எழுத்தாளரை விட்டீர், மறு படத்தில் நெறியாளரை விட்டீர், உமது அளவுகோல் என்ன? அந்த அட்டைக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை என்பதே காரணம். இக்கட்டுரையைக் காலம் தாழ்த்திய பதிலாகக் கொள்ளலாம்.

நிற்க. 'பொன்மணி'க்கு வருவோம்.

1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். அங்கே சிங்களம் கற்பிக்க வந்தவர்களுள் ஒருவர் தர்மசேன பதிராஜா. 1943 இல் பிறந்து பேராதனையில் படித்த அவர், 'அஹஸ் கவ்வ' (1974) என்ற படத்தின் மூலம் சிங்களத் திரையுலகில் புதிய தலைமுறையின் குரலாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்தார். வேலையற்ற நகர இளைஞர்களைப் பற்றிய படம் அது. அத்தகையவர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பற்றித் தமிழிலேயே ஒரு படம் எடுத்தார். அதுவே 1977 இல் வந்த 'பொன்மணி'.

அதை எழுதியவர் காவலூர் இராசதுரை. காவலூர் என்பது ஊர்காவற்றுறை. சொந்த ஊரைப் பெயரின் முன்னே சுமந்த சிறுகதையாசிரியர் அவர். வானொலியிலும் விளம்பரத்துறையிலும் பணியாற்றியவர், பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்து 2014 இல் மறைந்தார். உயர்சாதிக் குடும்பமொன்றின் பெண் சாதி கடந்து ஒருவனை விரும்புகிறாள், வீட்டை விட்டு வெளியேறுகிறாள், கொல்லப்படுகிறாள். கதை இவ்வளவுதான். சித்திரலேகா மௌனகுரு, சர்வமங்களம் கைலாசபதி முதலிய பல்கலைக்கழகச் சூழலைச் சேர்ந்தவர்களும் அதில் நடித்தார்கள். ஒளிப்பதிவு டொனால்ட் கருணாரத்ன, இசை ஆர். முத்துசாமி. ஒரு சிங்கள நெறியாளரும் தீவுப்பகுதித் தமிழ் எழுத்தாளரும் யாழ்ப்பாணத்துக் கல்வியாளர்களும் சேர்ந்து யாழ்ப்பாணத்தின் மிக அந்தரங்கமான புண்ணைத் தொட்ட முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

படம் ஓடவில்லை. வந்த சுவடு தெரியாமல் படமாளிகைகளை விட்டு நீங்கியது. மெதுவாக நகர்கிறது, பாட்டு எடுபடவில்லை, ஆட்கள் பேசாமல் நிற்கிறார்கள் என்பவையே அக்காலத்தில் படம் பார்த்த மூத்தவர்கள் என்னிடம் சொன்ன குறைகள். அந்தப் பேசாமையே படத்தின் பொருள் என்பதை எடுத்துச் சொல்ல ஆள் இருக்கவில்லை. ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் சீதனப் பேச்சு நடக்கும்போது பெண்கள் எவ்வளவு பேசுவார்கள்? பதிராஜா அதைக் கண்டார், கண்டபடி எடுத்தார். சென்னைப் படங்களில் அதே காட்சியில் கதாநாயகி மூன்று பக்க வசனம் பேசுவாள். அதற்குப் பழகிய காதுகளுக்கு மௌனம் குறைபாடாகக் கேட்டது.

'ஒரு சிங்களவருக்கு எங்கள் வீட்டு வழமை எப்படித் தெரியும்?' என்ற கேள்வியையும் நான் கேட்டிருக்கிறேன். நேர்மையான கேள்வி என்று அதை ஏற்க என்னால் இயலவில்லை. அந்த வழமையை நன்கு தெரிந்த ஊர்காவற்றுறைக்காரர்தானே எழுதினார்? படம் பொய் சொன்னதென்று எவரும் நிறுவவில்லை. வெளியார் முன்னிலையில் உண்மை சொல்லப்பட்டதுதான் உறுத்தியது.

அடுத்த ஆண்டு, 1978 இல், பதிராஜா 'பம்பரு எவித்' எடுத்தார். கற்பிட்டிக் கரையில் உள்ள மீனவக் கிராமத்துக்கு நகரத்திலிருந்து ஒருவன் வருகிறான், ஊர் கலங்குகிறது. வெளியார் வரவால் கலங்கும் கடற்கரை என்ற வகையில் 'வாடைக்காற்று'க்கும் இதற்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். ஒரே ஆண்டு, ஒரே மேற்குக் கடல். விஜய குமாரதுங்கவும் மாலினி பொன்சேகாவும் நடித்த அந்தப் படம் சிங்களத் திரையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக இன்றுவரை பேசப்படுகிறது. 'வாடைக்காற்று' எங்கள் நினைவில் ஒரு நாவலின் நிழலாக நிற்கிறது. 'பொன்மணி'யோ நெடுங்காலம் நினைவிலேயே இல்லை.

படங்களின் தரத்தில் வேறுபாடு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 'வாடைக்காற்று' நாவலின் சம்பவங்களைத் திரைக்குக் கொண்டுவந்த அளவுக்கு அதன் காற்றைக் கொண்டுவரவில்லை என்பது என் கருத்து. ஆயினும் பதிராஜா என்ற ஒரே மனிதர் அடுத்தடுத்து எடுத்த இரு படங்களுள் ஒன்று ஏன் கொண்டாடப்பட்டது, மற்றொன்று ஏன் கைவிடப்பட்டது என்பதற்குத் தரம் மட்டும் விடையாகாது.

சிங்களத் திரையும் தென்னிந்திய நிழலில்தான் தொடங்கியது. முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' (1947) எஸ்.எம். நாயகம் என்ற தமிழரால் தமிழகத்தில் தயாரிக்கப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் 'ரேகாவ' எடுத்து, படப்பிடிப்பை நிலையத்துக்கு வெளியே கொண்டு போனார். அந்தப் படமும் வசூலில் தோற்றதுதான். ஆனால் தோற்ற படத்தைப் பற்றி எழுதவும் வாதிடவும் ஆட்கள் இருந்தார்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைக் கொண்டு அவர் எடுத்த 'கம்பெரலிய' 1965 இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்கமயில் விருது பெற்றது. அப்படத்தைப் பேசும்போது நாவலாசிரியரும் மறக்கப்படவில்லை, நெறியாளரும் மறக்கப்படவில்லை. பதிராஜா வந்தபோது இருபது ஆண்டு வாதத்தில் பயின்ற பார்வையாளர் கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது.

நம் பக்கம் என்ன இருந்தது? 1962 இன் 'சமுதாயம்' முதலாக முப்பதுக்கும் குறைவான படங்கள். அவற்றுக்கு வந்த மதிப்புரைகள் பெரும்பாலும் இருவகை: 'நம் நாட்டுப் படம், ஆகவே ஆதரியுங்கள்' என்பது ஒன்று, 'இந்தியப் படம்போல் இல்லை' என்பது மற்றொன்று. முதலாவது இரக்கம், இரண்டாவது ஏளனம். கமரா எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. (நானும் இந்த இரண்டு வகையையும் எழுதியிருக்கிறேன்.) பிரான்சில் துருஃபோ 1954 இல் எழுதிய கட்டுரையிலிருந்து, படத்தின் ஆசிரியர் நெறியாளரே என்ற வாதம் உலகெங்கும் பரவியிருந்தது. எங்களுக்கு அது வந்து சேர்ந்தபோது அரைகுறையாக வந்தது. பெயர்பெற்ற நெறியாளர் என்றால் எழுத்தாளரை மறந்தோம், பெயர்பெற்ற எழுத்தாளர் என்றால் நெறியாளரை மறந்தோம். யாருக்கு ஏற்கெனவே புகழ் உண்டோ படம் அவருடையது! அஞ்சலட்டை வாசகர் கேட்ட அளவுகோல் இதுதான்.

தமிழகத்தில் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வெளிவந்ததும் 1977 இல்தான். கிராமத்தைக் கிராமத்திலேயே எடுத்ததற்காக அது வரவேற்கப்பட்டது, இன்றும் போற்றப்படுகிறது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தை யாழ்ப்பாணத்திலேயே எடுத்த படத்தை நாம் பார்க்க மறுத்தோம். பாரதிராஜா பாட்டையும் விட்டுவிடவில்லை, இளையராஜாவையும் உடன் வைத்துக்கொண்டார் என்பதும் உண்மை.

பின்னர் நடந்தவை அனைவரும் அறிந்தவை. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1983 யூலையில் கொழும்பை அடுத்த ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது. 1972 இல் வந்த 'குத்துவிளக்கு' உட்பட எத்தனையோ தமிழ்ப் படங்களின் சுருள்கள் அக்கலவரத்தில் அழிந்தன. முதலில் மதிப்புரைகள் எரிந்தன, பிறகு படங்கள் எரிந்தன. படம் இல்லாதபோது அதைப் பற்றி யார் என்ன எழுதி வைத்தாரோ அதுவே படமாகி விடுகிறது. அந்த நிலையில், ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பாளர், நெறியாளர், நடிகர், வெளியான நாள் என்று தேடிச் சேர்த்து 'இலங்கைத் தமிழ் சினிமாவின் கதை' என்ற நூலை எழுதியவர் தம்பிஐயா தேவதாஸ். அவரும் தீவுப்பகுதியினரே, புங்குடுதீவு. என் கட்டுரையில் விடுபட்ட பிரேம்நாத் மொறாயஸின் பெயரை நான் முதலில் அச்சில் கண்டது அந்நூலில்தான்.

'பொன்மணி'யை நான் முழுமையாகப் பார்த்தது மிகப் பிந்தியே. கொழும்பில் ஒரு சிறு அறையில், தேய்ந்த பிரதி, இருபது பேர்கூட இல்லை. முடிந்ததும் எவரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு முதிய பெண்மணி, "இது எங்கட வீட்டிலை நடந்தது" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். பதிராஜா 2018 சனவரியில் காலமானார். எனது இரங்கற் குறிப்பில் காவலூர் இராசதுரையின் பெயரை அவருடைய பெயருக்கு அருகிலேயே எழுதினேன். இடமில்லை என்று சொல்லி ஆசிரியர் பீடத்தில் அந்த வரியை வெட்டிவிட்டார்கள்.

2019 இல் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறினேன். மாமா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய வீட்டுக் கல்வேலி மாத்திரம் அப்படியே இருந்தது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் 'வாடைக்காற்று' படம் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தனான். மனோகரன் நடிச்சது."

"அது பேசாலையிலை எடுத்த படமல்லோ, ஐயா?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டி மறுத்தார். "ஆர் சொன்னது? இஞ்சைதான் எடுத்தவை. அந்தா, அந்தக் கரையிலைதான் வாடி போட்டிருந்தவை" என்று கை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் மூன்று குதிரைகள் நின்றன. படகு புறப்படும் நேரமாகி விட்டதால் நான் வாதிடவில்லை.