இக்காமா

இக்காமா என்பது சவூதி அரேபியாவில் பணிபுரியும் அல்லது குடும்பத்தினருடன் வசிக்கும் வெளிநாட்டவருக்கு அந்நாட்டு அரசு வழங்கும் வதிவிட உரிமம் ஆகும். அரபு மொழியில் இச்சொல்லுக்குத் தங்குதல், வசித்தல் என்பது பொருள். உரிமம், அதற்குரிய அட்டை ஆகிய இரண்டையுமே வளைகுடாத் தமிழர் இப்பெயரால் குறிப்பிடுவர். இதனை வழங்குவது உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் கடவுச்சீட்டுப் பொது இயக்ககம். இது பேச்சு வழக்கில் "ஜவாசாத்" எனப்படும்.

பணி நுழைவிசைவில் (விசா) வருபவருக்கு, அவர் நாட்டினுள் நுழைந்த 90 நாட்களுக்குள் இக்காமா பெறப்பட வேண்டும். வங்கிக் கணக்கு, கைபேசி இணைப்பு, வீட்டு வாடகை ஒப்பந்தம், ஊருக்குப் பணம் அனுப்புதல் என அனைத்துக்கும் இதன் எண் தேவை. பத்து இலக்கங்கள் கொண்ட இந்த எண் 2 இல் தொடங்கும். குடிமக்களின் எண் 1 இல் தொடங்கும். முற்காலத்தில் இது சிறு புத்தக வடிவில் இருந்தது. முசுலிம்களுக்குப் பச்சை அட்டையும் ஏனையோருக்குப் பழுப்பு அட்டையும் கொண்ட புத்தகங்கள் வழங்கப்பட்டன. பின்னர் நெகிழி அட்டை நடைமுறைக்கு வந்தது. 2015 முதல் அட்டை ஐந்தாண்டுகளுக்கு அச்சிடப்படுகிறது. எனினும் உரிமம் ஐந்தாண்டுகளுக்கு உரியதன்று. அது கணினியில் தனியே புதுப்பிக்கப்பட வேண்டும். அட்டை கையில் இருப்பதனாலேயே உரிமம் நடப்பில் இருப்பதாகக் கருதுவது தவறு.

காலக் கணக்கிலும் கவனம் தேவை. இக்காமாவின் காலம் இசுலாமிய (ஹிஜ்ரி) ஆண்டின்படி கணக்கிடப்பட்டு வந்தது. அவ்வாண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்களே என்பதால், ஆங்கில நாட்காட்டியை மட்டும் பார்ப்பவர் எதிர்பார்க்கும் தேதிக்குப் பதினொரு நாட்கள் முன்னரே உரிமம் முடிந்துவிடும்.

புதுப்பித்தல்

தொழிலாளியின் இக்காமாவைப் புதுப்பிக்க வேண்டியவர் தொழிலாளி அல்லர். அவருக்குப் பொறுப்பேற்ற முதலாளியே. இவர் "கபீல்" எனப்படுவார். முதலில் பணி உரிமக் கட்டணத்தையும், பின்னர் இக்காமாக் கட்டணத்தையும் (தனியார் நிறுவனப் பணியாளருக்கு ஆண்டுக்கு 650 ரியால்) செலுத்த வேண்டும். மருத்துவக் காப்பீடும் கடவுச்சீட்டும் நடப்பில் இருக்க வேண்டும். போக்குவரத்து அபராதம் நிலுவையில் இருக்கக் கூடாது. கடவுச்சீட்டு காலாவதியாகும் நிலையில் இருப்பவர் முதலில் ரியாத்திலுள்ள இந்தியத் தூதரகம் அல்லது ஜித்தாவிலுள்ள துணைத் தூதரகம் வழியாக அதைப் புதுப்பிக்க வேண்டும். இக்காமாவை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வசதி 2021 இல் நடைமுறைக்கு வந்தது.

2005 ஆம் ஆண்டின் சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40 ஆவது பிரிவின்படி, இக்கட்டணங்களும் தாமதத்தால் வரும் அபராதமும் முதலாளியைச் சேர்ந்தவை. நடைமுறை பலவேளைகளில் இதற்கு மாறாக உள்ளது. குறிப்பாக, "ப்ரீ விசா" என்ற பெயரில் பணம் கொடுத்துச் சென்று, கபீலிடம் வேலை செய்யாமல் வெளியே வேலை தேடுவோர், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் தாமே செலவு செய்வதோடு கபீலுக்கும் பணம் தருவதுண்டு. சட்டப்படி அப்படியொரு விசா கிடையாது.

குடும்பத்தினரின் இக்காமாவைத் தொழிலாளியே "அப்சர்" என்னும் அரச இணைய சேவை வழியாகப் புதுப்பிக்கலாம். 2017 சூலை முதல் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் வரி விதிக்கப்பட்டது. இது ஆண்டுதோறும் உயர்ந்து 2020 இல் 400 ரியால் ஆனது. மனைவியும் இரு பிள்ளைகளும் உடனிருந்தால் ஆண்டுக்கு 14,400 ரியால் ஆகும். இதனால் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே தங்கியோர் பலர்.

காலாவதியானால்

தாமதத்திற்கு முதல் முறை 500 ரியாலும் இரண்டாம் முறை 1,000 ரியாலும் அபராதம் விதிக்கப்படும். மூன்றாம் முறை நாடு கடத்தப்படலாம். தவறு முதலாளியுடையதாக இருப்பினும், வழியில் காவலர் நிறுத்திக் கேட்கும்போது விடை சொல்ல வேண்டியவர் தொழிலாளியே. காலாவதியான இக்காமாவுடன் வழக்கமான முறையில் நாட்டை விட்டு வெளியேறவும் இயலாது.

2016 இல் சவூதி ஓஜர் உள்ளிட்ட பெரும் கட்டுமான நிறுவனங்கள் நெருக்கடிக்குள்ளானபோது, பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர் மாதக்கணக்கில் சம்பளமும் புதுப்பித்த இக்காமாவும் இன்றி முகாம்களில் சிக்கினர். இந்திய வெளியுறவுத் துறை இணையமைச்சர் வி. கே. சிங் ஜித்தா சென்று பேச்சு நடத்தியதை அடுத்து, அவர்கள் வெளியேற சவூதி அரசு வழி செய்தது. எனினும் பலர் நிலுவைச் சம்பளத்தைப் பெறாமலேயே ஊர் திரும்பினர்.

உரிமமற்றோர் அபராதமின்றி வெளியேற அவ்வப்போது பொது மன்னிப்பும் அறிவிக்கப்பட்டுள்ளது. 2013 இல் அளிக்கப்பட்ட அவகாசத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் நாடு திரும்பினர். 2017 மார்ச்சு இறுதியில் தொடங்கிய 90 நாள் அவகாசம் பின்னர் நீட்டிக்கப்பட்டது.

வழக்கறிஞர் தேவையா?

வழக்கமான புதுப்பித்தலுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. முதலாளி மறுக்கும்போதுதான் இக்கேள்வி எழுகிறது. தொழிலாளி முதலில் தொழிலாளர் துறையின் சமரசப் பிரிவில் முறையிட வேண்டும். அங்கு 21 வேலை நாட்களுக்குள் தீர்வு ஏற்படாவிடில் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குச் செல்லும். 2018 இறுதியில் இந்நீதிமன்றங்கள் நீதி அமைச்சின் கீழ் தொடங்கப்பட்டன. தொழிலாளிக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரின்றித் தானே வாதிடலாம். வேலை முடிந்த 12 மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். நடவடிக்கைகள் அரபியில் நடைபெறுவதே பெரும் தடை. வழக்கு முடியுமுன் ஊர் திரும்புவோர் பிறிதொருவருக்கு "வக்காலா" எழுதிக் கொடுத்துவிட்டு வருவர் (தமிழில் வழங்கும் வக்காலத்து என்பதும் இதே அரபுச் சொல்லின் வழியில் வந்ததே).

இந்தியத் தூதரகங்களில் 2009 இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, துயருற்ற தொழிலாளருக்குத் தொடக்கச் சட்ட உதவியும் விமானச் சீட்டும் பெற இயலும். இது தானாகக் கிடைப்பதன்று; விண்ணப்பிக்க வேண்டும்.

2021 சீர்திருத்தம்

2021 மார்ச்சு 14 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தத்தின்படி, தனியார் நிறுவனப் பணியாளர் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் முதலாளியின் ஒப்புதலின்றி வேறு நிறுவனத்துக்கு மாறலாம். பணி உரிமம் அல்லது இக்காமா காலாவதியாகியிருப்பது அவ்வாறு மாறுவதற்குரிய காரணங்களுள் ஒன்று. வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், வேளாண் தொழிலாளர், ஆடு மேய்ப்போர் ஆகியோர் இச்சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. தமிழகச் சிற்றூர்களிலிருந்து குறைந்த கல்வியுடன் செல்வோருக்குக் கிடைக்கும் வேலைகளில் இவையும் அடங்கும்.

கபீல் இன்றி வசிக்கும் உரிமையும் 2019 இல் அறிமுகமானது. "சிறப்பு இக்காமா" எனப்படும் இதற்கு ஆண்டுக்கு 1,00,000 ரியால், காலவரையற்றதாயின் 8,00,000 ரியால் கட்டணமாக நிர்ணயிக்கப்பட்டது.